பழைய கடனை முடித்தால்தான் வீட்டுக்கடன் என்று வங்கி சொன்னால்: எதை, எந்த வரிசையில், எப்படி அடைப்பது

வீட்டுக்கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று வங்கியிலிருந்து போன் வந்த அன்று சாயங்காலமே தக்கலையில் லட்டு வாங்கி, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம். கடிதம் கைக்கு வந்தது இரண்டு நாள் கழித்து. அதன் மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இருக்கிற பெர்சனல் லோனை முடித்து என்ஓசி (பாக்கி எதுவும் இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் சான்று) தர வேண்டும், கிரெடிட் கார்டு நிலுவையை அடைத்துக் கார்டை ரத்து செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் பணம் விடுவிக்கப்படும் என்று இருந்தது. லட்டு தின்றது தின்றதுதான். அந்த இரண்டு வரியை நிறைவேற்ற எனக்கு ஏழு வாரம் ஆனது, அதில் நான்கு வாரம் வெறும் 312 ரூபாயால் போனது. அந்தக் கூத்தைக் கீழே சொல்கிறேன்.

இது நம் குமரி மாவட்டத்தில் வீடு வாங்குகிற எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் வருகிற விஷயம். நகை அடகில் இருக்கும், பைக் லோன் ஓடும், வீட்டுக்காரி பேரில் குழுக்கடன் இருக்கும், மச்சினனுக்கு ஜாமீன் போட்டிருப்போம். வங்கிக்காரர் "கொஞ்சம் லோனைக் குறைச்சிட்டு வாங்க" என்பார், எதை என்று சொல்லமாட்டார். நாமும் கையில் இருக்கிற பணத்தை எல்லாம் எடுத்துக் கண்ணில் பட்ட கடனை அடைத்துவிட்டு, கடைசியில் பத்திரச் செலவுக்குக் காசில்லாமல் நிற்போம். மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட இரண்டு விஷயத்தைத்தான் வங்கி உற்றுப் பார்க்கிறது: மாசாமாசம் உங்கள் கையைவிட்டு எவ்வளவு போகிறது, கட்டி முடித்ததற்குத் தாள் இருக்கிறதா. இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

முதல் வேலை: வங்கி பார்க்கும் முன் நீங்கள் பாருங்கள்

அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே, முடிந்தால் வீடு பார்க்கத் தொடங்கும்போதே, உங்கள் கிரெடிட் அறிக்கையை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இதை வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அவர்கள் இணையதளத்திலேயே எடுக்கலாம், இதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். எண்ணை விடுங்கள், உள்ளே இறங்கி ஒவ்வொரு கணக்காகப் பாருங்கள்.

நான் பார்த்தபோது என் பேரில் ஒன்பது கணக்கு இருந்தது. எனக்குத் தெரிந்தது நான்கு. மீதியில் மூன்று நகைக்கடன், ஒவ்வொரு தடவை அடகு வைத்ததும் தனித்தனிக் கணக்காக ஏறியிருந்தது, இரண்டு எப்போதோ மீட்டது. ஒன்று, போன் வாங்கும்போது கடையில் போட்ட தவணை. இன்னொன்று, என் மச்சினன் ஆட்டோ லோனுக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து. அதையும் என் கடன் மாதிரியேதான் அறிக்கை காட்டியது.

கூட்டு விண்ணப்பதாரராக மனைவியைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அவர் அறிக்கையையும் எடுங்கள். நம் ஊரில் குழுக்கடன் விஷயம் தெரிந்ததுதானே, ஒருத்தி பேரில் எடுத்து இன்னொருத்தி கட்டுவாள். கட்டுகிறவள் இரண்டு தவணை விட்டால் கறை விழுவது யார் பேரில் கடன் இருக்கிறதோ அவர் அறிக்கையில்தான். அதைக் கண்டுபிடிக்கிற இடம் வங்கி மேனேஜர் முன்னால் இருக்கக்கூடாது.

வளைகுடாவில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே எடுத்த கடன் இங்கே தெரியாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வெளிநாட்டு இந்தியர்களுக்குக் கடன் தரும்போது அந்த நாட்டு கிரெடிட் அறிக்கையையும் கேட்கிற வங்கிகள் உண்டு. அமீரகத்தில் அல் எதிஹாத் கிரெடிட் பீரோ என்று இருக்கிறது, அங்கே வேலை பார்க்கிறவர் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது: ரூல் போட்ட நோட்டில் ஒரு கணக்கு

ஒவ்வொரு கடனுக்கும் நான்கு எண்ணை எழுதுங்கள்: இன்றைக்கு முடிக்க எவ்வளவு, மாச இஎம்ஐ எவ்வளவு, இன்னும் எத்தனை மாசம், வட்டி எவ்வளவு. அப்புறம் வங்கி பார்க்கிற மாதிரி நீங்களும் பாருங்கள். கையில் வருகிற சம்பளத்தில் ஏறக்குறைய பாதிவரைதான் எல்லா இஎம்ஐயும் சேர்ந்து போகலாம் என்பது பொதுவான கணக்கு. வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் இது கொஞ்சம் கூடும், குறையும். பாதி என்றே வைத்துக்கொள்வோம்.

என் கணக்கையே கொஞ்சம் உருட்டித் திரட்டிச் சொல்கிறேன். கைக்கு வருவது 62,000. பாதி 31,000. பெர்சனல் லோன் இஎம்ஐ 9,400, பைக் 3,100. கார்டில் 60,000 நிலுவை இருந்தது, நிலுவையில் 5 சதவீதத்தை மாசத் தவணையாக எடுத்துக்கொள்வது பல வங்கிகளின் வழக்கம், ஆக அது ஒரு 3,000. மொத்தம் 15,500. மீதி 15,500தான் வீட்டுக்கடனுக்கு. 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். வகுத்துப் பாருங்கள், 17.8 லட்சம்தான் கிடைக்கும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ அதை வைத்து வீடு தேடினால் சிரிப்பார்கள்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிற இடம். வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது வழக்கமான அறிவுரை, குடும்பம் நடத்துவதற்கு அது சரிதான். வீட்டுக்கடன் தகுதியைக் கூட்டுவதற்கு வேறு கணக்கு. அடைக்க வேண்டிய தொகையை அதன் இஎம்ஐயால் வகுங்கள், சின்ன எண் வருவதை முதலில் முடியுங்கள். பைக்கில் ஐந்து தவணைதான் பாக்கி, 15,500 கட்டினால் மாசம் 3,100 விடுபடும், அதாவது மூன்றரை லட்சம் கூடுதல் கடன். வகுத்தால் 5. பெர்சனல் லோனுக்குச் சுமார் 1,90,000 கட்டினால் 9,400 விடுபடும், கிட்டத்தட்ட 10.8 லட்சம் கூடும், வகுத்தால் 20. கார்டும் 20தான். (கடைசி ஆறு தவணைக்குள் இருக்கிற கடனைக் கணக்கிலேயே எடுக்காத வங்கிகளும் உண்டு. கேட்டுவிட்டு அடையுங்கள், சும்மா எதற்கு.)

தவணைக் காலத்தை 25 வருஷமாக நீட்டிக்கொள்ளலாமே என்று வங்கியிலேயே சொல்வார்கள். லட்சத்துக்கு 868 என்பது 805 ஆகும், என் 15,500ஐ வைத்து 19.2 லட்சம் வரும். அஞ்சு வருஷம் கூடுதலாகக் கட்டினாலும் கிடைக்கிற லாபம் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. பைக் லோனை முடிப்பதே இதைவிட மேல்.

நகைக்கடன் ஒரு தனி ஜாதி. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனுக்கு இஎம்ஐ கிடையாது. அதனால் சில வங்கிகள் அதைக் கண்டுகொள்வதில்லை, சில மாச வட்டியை மட்டும் எடுக்கும், சில முழுசாக மீட்டுவிட்டு வரச்சொல்லும். மாமியார் நகையை ஓடி ஓடி மீட்பதற்கு முன் உங்கள் வங்கி எந்த ரகம் என்று கேளுங்கள்.

மூன்றாவது: வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

"லோனைக் குறைச்சிட்டு வாங்க" என்பது நிபந்தனை இல்லை, பேச்சு. சாங்ஷன் கடிதத்தில் இருப்பதுதான் நிபந்தனை. அது தெளிவாக இல்லையென்றால் கிளைக்கு ஒரு மெயில் அனுப்பி இவற்றைக் கேளுங்கள்: எந்தக் கடன், கணக்கு எண்ணோடு. முழுசாக முடிக்க வேண்டுமா, பாதி கட்டினால் போதுமா. கார்டில் நிலுவையை மட்டும் அடைத்தால் போதுமா, கார்டையே ரத்து செய்ய வேண்டுமா. சாங்ஷனுக்கு முன்பா, பணம் விடுவிப்பதற்கு முன்பா. என்ஓசி போதுமா, அறிக்கையிலும் மாறியிருக்க வேண்டுமா. கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமா.

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்சனல் லோனை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்கினால், வங்கி பார்வையில் நீங்கள் ஒரு கல்லைத் தூக்கி வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்கள். கிரெடிட் நிறுவனங்களுக்குக் கடன் விவரம் 2025 ஜனவரி முதல் மாசத்துக்கு இரண்டு தடவையாவது போகிறது, மறைக்கவும் முடியாது.

நான்காவது: பணத்தை எங்கிருந்து எடுப்பது, எதைத் தொடக்கூடாது

முதலில் தொடக்கூடாததைப் பிரித்து வையுங்கள். 36 லட்ச ரூபாய் வீடு, 28 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கைப்பணம் 8 லட்சம். அதற்கு மேலே தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், அது 3,24,000. இதை வீட்டு விலையோடு சேர்த்துக் கடனாகத் தரமாட்டார்கள். மொத்தம் 11,24,000. எழுத்துக்கூலி, வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டுக் கட்டணம் வேறு. இந்தப் பணத்தை எடுத்து பழைய கடனை அடைத்தீர்கள் என்றால் நிபந்தனை நிறைவேறும், வீடு வாங்க முடியாது. இப்படி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மீதிக்கு வழி என்ன? எங்களுக்கு ஒத்திப் பணம் (மாச வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப வாங்குகிற பணம்) கைகொடுத்தது. நாங்கள் ஒத்திக்கு இருந்த வீட்டின் உரிமையாளரிடம் ஆறு மாசம் முன்பே சொல்லி வைத்திருந்தோம், அவர் கேட்டதற்கு ஒரு மாசம் பிந்தினாலும் கொடுத்துவிட்டார். ஒத்தி வைத்தவர் அடுத்த ஆளைப் பிடித்துத்தான் நமக்குத் தருவார், ஆகவே அந்தத் தேதியை நம்பி கிரய ஒப்பந்தத்தில் தேதி போடாதீர்கள். சிட்டி (சீட்டுப் பணம்) எடுக்கலாம், ஆனால் தள்ளுபடி போக என்ன மிஞ்சும் என்று பாருங்கள். நகையை மீட்டுத் திரும்பப் பூட்டி வைப்பதைவிட ஒன்றிரண்டை விற்றுவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம், வீட்டில் இதை நான் சத்தமாகச் சொன்னதில்லை.

ரப்பரை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடி மழையில் பால்வெட்டு நின்றுவிடும், ரப்பர் ஷீட் விற்ற வரவு கணக்கில் தெரியாது. விண்ணப்பத்தோடு கொடுக்கிற ஆறு மாச ஸ்டேட்மெண்டில் அந்த வறட்சி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷீட் விற்ற பணத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் வாங்குங்கள். என் மாமனார் இருபது வருஷம் குலசேகரத்தில் ஷீட் விற்றவர், வங்கிக் கணக்கைப் பார்த்தால் அவர் சம்பாதிக்கவே இல்லை.

சொந்தக்காரர் பணம் தந்தால் கணக்கு வழியாகவே வரட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்கான அச்சாரத்துக்கும் அதே விதிதான்.

ஐந்தாவது: முடிப்பது, இங்கேதான் என் 312 ரூபாய்

ஆப்பில் "நிலுவை" என்று காட்டுகிற தொகை கடனை முடிக்கிற தொகை இல்லை. கடன் கொடுத்தவரிடம் ஃபோர்குளோஷர் கடிதம் கேளுங்கள். அதில் அசல், இன்றுவரை வட்டி, முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக இருக்கும், அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்கும். தனிநபர் எடுத்த மாறும் வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதற்கு ஒப்பந்தத்தில் உள்ளபடி வாங்குவார்கள். 1,90,000க்கு 4 சதவீதம் என்றால் 7,600, ஜிஎஸ்டி 1,368, மொத்தம் 8,968. இதையும் நோட்டில் எழுதுங்கள்.

எனக்குக் கடிதத்தில் இருந்த கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. ஒத்திப் பணம் கைக்கு வந்தது செவ்வாய். புதன்கிழமை அதே தொகையைக் கட்டினேன். ஐந்து நாள்தானே? 1,90,000க்கு 12 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 62 ரூபாய் சொச்சம், ஐந்து நாளுக்கு 312. அந்த 312 குறைந்ததால் கணினி கடனை முடிக்கவில்லை, பணத்தை அப்படியே ஓரமாக நிறுத்தி வைத்துக்கொண்டது. யாரும் போன் பண்ணவில்லை. நானோ கடன் முடிந்தது என்று நினைத்துக் கணக்கைத் துடைத்து வைத்திருந்தேன். அடுத்த மாசம் 5ஆம் தேதி வழக்கம்போல இஎம்ஐ எடுக்க வந்தார்கள், கணக்கில் காசில்லை, பவுன்ஸ். கிளைக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "சார், பைசா எல்லாம் வந்திருக்கு, லோன்தான் குளோஸ் ஆகல்லே" என்றார். அப்புறம் 312, பவுன்ஸ் கட்டணம், தாமத வட்டி, புதுக் கடிதம், அது தலைமை அலுவலகம் போய் வருவது என்று நான்கு வாரம். வீட்டுக்கடன் வங்கி அந்த பவுன்ஸுக்குத் தனியாக விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டது.

ஆகவே கட்டுகிற அன்று காலையில் தொகையை மறுபடி உறுதி செய்யுங்கள். கடிதத்தில் சொன்ன கணக்குக்கே கட்டுங்கள், ஏஜெண்ட் கையில் கொடுக்காதீர்கள். யுடிஆர் எண்ணோடு (பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் எண்) ஒரு மெயில் போடுங்கள். கடன் முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை ஒரு தவணைப் பணத்தைக் கணக்கில் விட்டு வையுங்கள். முடிந்த பிறகு தானாக எடுக்கும் அனுமதியை உங்கள் வங்கியில் ரத்து செய்யுங்கள், கொடுத்த செக் ஏதும் இருந்தால் திரும்ப வாங்குங்கள்.

கார்டை ரத்து செய்யக் கேட்டால், பாக்கி எல்லாம் கட்டியிருக்கும்பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கஸ்டமர் கேரில் "அதைவிட நல்ல கார்டு தர்றோம் சார்" என்று இழுப்பார்கள். மெயிலில் கேளுங்கள், தேதி பதிவாகும்.

ஆறாவது: தாள்

என்ஓசியில் உங்கள் பெயர் பான் கார்டில் உள்ளபடி இருக்கிறதா, கடன் எண் சரியா, முடிந்த தேதி உண்டா, பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் உண்டா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள். கூடவே முழு ஸ்டேட்மெண்டும் வாங்குங்கள், கடைசி வரியில் பூஜ்யம் தெரிய வேண்டும். நகைக்கு மீட்ட ரசீதும் கணக்கு முடிந்த ஸ்டேட்மெண்டும். பைக்குக்கு ஆர்சியில் கடன் பதிவை நீக்க ஃபார்ம் 35.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டிவிடலாம் என்று வசூல்காரர் ஆசை காட்டினால் விழாதீர்கள். பாதி கட்டி முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், "குளோஸ்டு" என்று விழாது. வீட்டுக்கடன் வங்கிக்கு அந்த ஒரு வார்த்தை போதும், கோப்பைத் தள்ளி வைக்க. ஏற்கெனவே அப்படி விழுந்திருந்தால், விட்ட மீதியைக் கட்டி, கணக்கை "குளோஸ்டு" என்று மாற்றித் தர எழுத்தில் கேளுங்கள், பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

அறிக்கையில் தவறு இருந்தால் அந்த கிரெடிட் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். கடன் கொடுத்தவர் 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஏழாவது: சாங்ஷனுக்கும் பத்திரத்துக்கும் நடுவில்

இந்தக் காலத்தில் சும்மா இருப்பதுதான் வேலை. புது போன் தவணையில் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், யாருக்கும் ஜாமீன் வேண்டாம், வேலை மாற்றம் வேண்டாம். பணம் விடுவிப்பதற்கு முன் வங்கி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். வீடு பால்காய்ச்சுக்கு சோபா வாங்கலாம் என்று என் மனைவி கேட்டபோது, "சாவி வரட்டும், சாக்கு விரிச்சு இருக்கலாம்" என்றேன், அதற்கு இன்றும் குத்திக்காட்டு உண்டு.

விற்பவரோடு போடுகிற ஒப்பந்தத்தில் மூன்று மாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். என்ஓசி தாமதம், ஒத்திப் பணம் தாமதம், பட்டாவில் சின்னப் பிழை எல்லாம் சேர்த்தால் நான்கு மாசம் கேளுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அச்சாரம் திரும்ப வரும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளிப்பார். எங்களுக்கு விற்றவர், "உங்களுக்கு நம்பிக்கை இல்லியா" என்றார். நம்பிக்கை இருக்கு அண்ணே, வங்கியைத்தான் நம்ப முடியல்லே என்றேன், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

பதிவு அன்று காலையில் வங்கி ஆள் கிரயத் தொகைக்கான டிடியோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார். வந்ததும் கேட்டது, "அந்த என்ஓசி ஒரிஜினல் கையில இருக்கா சார்?" இருந்தது, பிளாஸ்டிக் உறையில், மூன்று நகலோடு.